வீட்டுக்குத் தலைவர் யார்? கொரியாவும் எங்கட கரையும்

கல்முனை மெயின் ரோட்டால போனால் கொரியன் கிளாஸ் நோட்டீஸ் ஒன்றாவது கண்ணில் படும். 2004இல் இலங்கையும் தென் கொரியாவும் தொழிலாளர் அனுப்புவது பற்றி உடன்படிக்கை செய்த பிறகு, மத்திய கிழக்கு மட்டுமே தெரிந்த எங்கள் பொடியன்களுக்கு இன்னொரு திசையும் திறந்தது. எங்கள் வாசிப்பு வட்டத்திலேயே இரண்டு மூன்று பேர் அந்தப் பரீட்சைக்குப் படித்தவர்கள்.

அங்கே வேலை செய்து லீவில் வந்த கூட்டாளி ஒருவர், ஒருநாள் பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "அங்க ஒரு ஆம்பிள கலியாணம் முடிச்சா 'ஜாங்கா காதா' என்டு சொல்லுவாங்க. பொண்டாட்டிட உம்மா வாப்பாட ஊட்டுக்குப் போறான் என்டுதான் அதுக்கு அர்த்தமாம்." நாங்கள் சிரித்துவிட்டோம். "அப்ப அவனுகளும் எங்கட ஆக்கள்தான்" என்றார் ஒருவர். ஆனால் கூட்டாளி தலையை ஆட்டினார். "இல்லடா. இப்ப அங்க ஆரும் அப்பிடிப் போறல்ல. சொல்லு மட்டும்தான் மிச்சம்."

ஒரு வழக்கம் அழிந்து, அதன் சொல் மட்டும் எப்படி மிஞ்சியது? இந்தக் கேள்வியோடு கொரியாவின் குடும்பச் சட்ட வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, அது எங்கள் கரையைப் பற்றிய கேள்வியாகவும் மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஊடு பொம்புளப் புள்ளைக்கி

முதலில் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுவோம். மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரைக்கும் இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு மகளுக்குச் சீதனம். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பக்கத்தில் இன்னொன்று கட்டி அடுத்த மகளோடு உம்மாவும் வாப்பாவும் இருப்பார்கள். அப்படியே உம்மம்மா, உம்மா, சாச்சி, ராத்தா என்று பெண் வழியில் வீடுகள் ஒரு வளவைச் சுற்றி அடுக்காக நிற்கும். குடியும் அப்படித்தான். பிள்ளை உம்மாவின் குடியைச் சேர்ந்தது, வாப்பாவின் குடியை அல்ல.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. அயலில் உள்ள தமிழ் ஊர்களிலும் குடி உண்டு, தாய்வழி உண்டு, வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும் உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்கு உதவியதாகவும், அதனால் பெண் எடுத்து இங்கேயே தங்கியதாகவும் பெரியவர்கள் சொல்லும் வாய்வழிக் கதை எங்கள் பலருக்குத் தெரியும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி, இரண்டு சமூகங்களின் குடி முறையையும் சீதன வீட்டையும் ஆராய்ந்தார். 2008இல் வந்த அவருடைய பெரிய நூல் முழுக்க இந்தக் கரையைப் பற்றியதுதான்.

இதில் சட்டரீதியான ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் ஒரு முஸ்லிம் இறந்தால் அவருடைய மத்ஹபின் சட்டப்படி சொத்துப் பிரியும். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் எங்கள் ஊர்களில் வீடு அந்தக் கணக்குக்குள் வருவதே குறைவு. வாப்பா உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதி மகளுக்குக் கொடுத்துவிடுகிறார். சில நேரம் அது மகள், மருமகன் இருவர் பெயரிலும் இருக்கும். மௌத்தான பிறகு பங்கு பிரிக்க வீடு மிச்சம் இருப்பதில்லை. மார்க்கச் சட்டத்தோடு மோதாமல், அதன் பக்கத்தால் ஒரு பாதை போட்டு, ஊர் தன் வழக்கத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

கொரியாவில் மாப்பிள்ளை போன காலம்

இப்போது கொரியாவுக்கு வருவோம். கொரிய நாடகம் பார்ப்பவர்களுக்கு அங்கே மாமியார் வீட்டில் மருமகள் படும் பாடு தெரியும். அதைப் பார்த்தால் ஆண்வழிக் குடும்பம்தான் அவர்களுடைய ஆதி வழக்கம் என்று தோன்றும். ஆனால் கொர்யோ காலத்திலும் ஜோசொன் ஆட்சியின் முதல் பாதியிலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வருடக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தார். பிள்ளைகளும் அங்கேதான் பிறந்து வளர்ந்தார்கள். 1485இல் நடைமுறைக்கு வந்த ஜோசொன் சட்டத் தொகுப்பு, சட்டபூர்வ மனைவியின் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு என்று சொன்னது. முன்னோர் சடங்கைப் பொறுப்பேற்கும் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இதற்கு நல்ல சாட்சி ஒரு வீடு. கங்னுங் நகரில் உள்ள ஓஜுக்ஹொன். ஷின் சாயிம்தாங் என்ற ஓவியர் பிறந்தது அங்கே. அது அவருடைய உம்மா வழி வீடு. அவர் கலியாணத்துக்குப் பிறகும் நீண்ட காலம் தாய் வீட்டில்தான் இருந்தார். 1536இல் அவருடைய மகன் யி ஈ பிறந்ததும் அதே வீட்டில்தான். யுல்கொக் என்ற பட்டப் பெயரால் அறியப்படும் அந்த யி ஈதான் கொரியாவின் மிகப் பெரிய கொன்பியூசிய அறிஞர்களில் ஒருவர். 1566இல் அவரும் சகோதர சகோதரிகளும் பெற்றோரின் சொத்தை ஆண் பெண் பாராமல் பிரித்துக்கொண்ட பத்திரம் இன்றும் கொரியாவில் பாதுகாக்கப்பட்ட மரபுச் சொத்து. கொரியாவிலிருந்து வருகிறவர் கையில் பணத்தாள் இருந்தால் வாங்கிப் பாருங்கள். 50,000 வொன் தாளில் தாய், 5,000 வொன் தாளில் மகன்.

17ஆம் நூற்றாண்டிலிருந்து இது மாறியது. கொன்பியூசியச் சடங்கு ஒழுங்கு இறுகியது. மூத்த மகனே வாரிசு, அவனே முன்னோருக்குச் சடங்கு செய்பவன் என்றானது. மகளின் பங்கு தேய்ந்தது. மாப்பிள்ளை போவது நின்று, மருமகள் வருவது வழக்கமானது. 'ஜாங்கா காதா' என்ற சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது.

ஹோஜு: படிவத்தில் பிறந்த தலைவர்

இதற்கு மேலே இன்னொரு அடுக்கை ஜப்பான் போட்டது. 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்குச் சற்று முன்பிருந்தே அதிகாரிகள் கொரியர்களின் வழக்கம் என்ன என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். ஆனால் கேள்விகள் ஜப்பானியச் சிவில் சட்டத்தின் தலைப்புகளிலிருந்து வந்தவை. பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான, வயதான ஆண்கள். 1912இன் சட்டம் கொரியர்களின் குடும்ப விஷயமும் வாரிசுரிமையும் அவர்களுடைய வழக்கப்படியே நடக்கும் என்றது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எது வழக்கம் என்று தீர்மானித்தது குடியேற்ற அரசு. அடுத்தடுத்த வருடங்களில் ஜப்பானின் குடும்ப முறை 'கொரிய வழக்கம்' என்ற பெயரிலேயே உள்ளே வந்தது.

அதன் நடுவில் இருந்தவர் ஹோஜு. சொல்லின் நேர்ப் பொருள் வீட்டுத் தலைவர். ஒவ்வொரு கொரியரும் ஒரு வீட்டுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அந்தப் பதிவேட்டுக்கு ஒரு ஹோஜு இருக்க வேண்டும். பெண் பிறந்தால் வாப்பாவின் ஏட்டில். கலியாணம் முடித்தால் அங்கிருந்து வெட்டிக் கணவனின் ஏட்டில். கணவன் இறந்தால் மகன்தான் அடுத்த ஹோஜு, அவன் தொட்டில் குழந்தையாக இருந்தாலும். பாட்டியும் தாயும் அந்தக் குழந்தையின் கீழ் வரும் பெயர்கள். விவாகரத்தானால் பிள்ளையைத் தாய் வளர்த்தாலும் பிள்ளையின் பெயர் தகப்பன் ஏட்டிலேயே கிடக்கும். ஒரே கூரைக்குள் இருக்கும் பெற்ற தாய், பதிவில் வெறும் 'உடன் வசிப்பவர்'.

ஜப்பான் தன் நாட்டில் இந்த முறையை 1947இலேயே ஒழித்துவிட்டது. விடுதலை பெற்ற தென் கொரியாவோ 1958இல் இயற்றிய தன் சிவில் சட்டத்தில் அதை வைத்துக்கொண்டது. குடியேற்றக்காரன் விட்டுப்போன ஏடு, இப்போது 'நம் முன்னோர் மரபு' ஆகிவிட்டது.

அதை எதிர்த்த போராட்டம் அரை நூற்றாண்டு நீண்டது. அதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் யி தே-யொங். கொரியாவின் முதல் பெண் வழக்கறிஞர். 1952இல் பரீட்சை பாஸ் பண்ணினார், 1956இல் பெண்களுக்கான சட்ட ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கணவன் கைவிட்டவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், வாசலில் நின்ற இவர்களுடைய கதைகள்தான் பிறகு சட்டத் திருத்தக் கோரிக்கையாக மாறின. 1977இல் கொஞ்சம் மாற்றம் வந்தது. 1989இல் இன்னும் கொஞ்சம். ஹோஜு மட்டும் அசையவில்லை. கொன்பியூசிய அமைப்புகள் தெருவில் இறங்கி, இது போனால் குடும்பமே போய்விடும் என்றன.

1987இல் மக்கள் போராட்டத்தால் ஜனநாயகம் திரும்பியது. 1988இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வந்தது. 2005 பெப்ரவரி 3ஆம் திகதி அந்த நீதிமன்றம், ஹோஜு முறை மனித கண்ணியத்துக்கும் ஆண் பெண் சமத்துவத்துக்கும் ஒவ்வாதது என்று தீர்த்தது. மரபைக் காப்பாற்றுவது அரசின் கடமை என்று கொரிய அரசியலமைப்பே சொல்கிறது. அதை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வாதாடியது. மரபு என்றால் இன்றைய அரசியலமைப்பின் விழுமியங்களோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும், சமத்துவத்தை உடைப்பதை மரபு என்று காப்பாற்ற முடியாது என்பது நீதிமன்றத்தின் பதில். மார்ச்சில் பாராளுமன்றம் சட்டத்தை மாற்றியது. 2008 ஜனவரி 1 முதல் வீட்டுப் பதிவேடு இல்லை, ஆளுக்கொரு பதிவு.

அதே 2005 ஜூலையில் கொரிய உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் கொடுத்தது. குலச் சங்கங்கள் பொதுக் காணியை விற்ற பணத்தில் கலியாணமான மகள்களுக்கு ஆண்களைப் போல் பங்கு கொடுக்கவில்லை. பெண்கள் வழக்குப் போட்டார்கள். வயது வந்த பெண்ணும் குலத்தின் உறுப்பினர்தான் என்றது நீதிமன்றம்.

இதனால் கொரியா பெண்களின் சொர்க்கம் ஆகிவிடவில்லை. செல்வந்த நாடுகளுக்குள் ஆண் பெண் சம்பள இடைவெளி மிக அதிகமான நாடு இன்றும் அதுதான். ஆனால் தொட்டில் பிள்ளை உம்மாவுக்குத் தலைவன் என்று அங்கே எந்த ஏட்டிலும் இனி எழுத முடியாது.

எங்கட வழக்கத்தை யாரிடம் கேட்டார்கள்?

கொரியக் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்தியது அந்த வழக்கக் கணக்கெடுப்புத்தான். எங்கட வழக்கத்தை எழுதியவர்கள் யாரிடம் கேட்டு எழுதினார்கள்?

ஒல்லாந்தர் 1707இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுத்தபோது சரிபார்த்தவர்கள் 12 முதலிமார். இலங்கை முஸ்லிம்களுக்கான முதல் ஆங்கிலேயச் சட்டத் தொகுப்பு 1806இல் வந்தது. அதன் மூலம் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஒல்லாந்தர் தொகுத்த ஏடு. கொழும்பு முஸ்லிம் தலைவர்கள் பார்த்துச் சரி சொன்னார்கள். மட்டக்களப்புத் தெற்கில், அதாவது இன்றைய அம்பாறைக் கரையில், வீடு யாருக்கு, குடி யார் வழி என்பதெல்லாம் அந்த ஏட்டுக்குத் தெரியாது. பெண்களிடம் யாரும் கேட்கவில்லை என்று தனியே சொல்லத் தேவையில்லை.

எங்கள் கரையின் தாய்வழி வாரிசுரிமைக்கு நெருக்கமாக இருந்தது முக்குவர் சட்டம். அது தேசவழமையைப் போல அரசால் தொகுக்கப்படவே இல்லை. 1876இல் வந்த விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் கண்டியச் சட்டத்துக்கும், தேசவழமைக்கும், முஸ்லிம்களுக்கும் விலக்குக் கொடுத்தது. முக்குவர் சட்டத்துக்கு விலக்கு இல்லை. அது நீதிமன்றத்திலிருந்து மறைந்துபோனது. எழுதி வைத்தவை பிழைத்தன, எழுதாதது போனது. ஆனால் ஊருக்குள் அது போகவில்லை. உறுதி எழுதுகிற மேசையில், கலியாணம் பேசுகிற திண்ணையில், வளவுக்குள் எழும்பும் சுவரில் அது இன்று வரைக்கும் இருக்கிறது.

இங்கே கொரியாவும் நாங்களும் எதிரெதிராக நிற்கிறோம். அங்கே பெண்ணின் வீடு முதலில் வழக்கத்திலிருந்து போனது, பிறகு ஏட்டிலிருந்தும் போனது. இங்கே ஏட்டில் அது ஒருநாளும் இருக்கவில்லை, வழக்கத்தில் நின்றது. ஏட்டில் இல்லாத வழக்கத்துக்கு ஆபத்து வந்தால் யார் பாதுகாப்பது? அந்த ஆபத்து ஒருநாள் காலையில் வந்தது.

2005, இரண்டு கரைகள்

2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களை எடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதுவிலும் கடலோரத்து வளவுகள் சுவரோடு போயின. அவற்றில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். உறுதிகளும் தண்ணீரோடு போயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது, பிறகு தளர்த்தியது. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேறு இடத்தில், பெரும்பாலும் அரச காணியில், புதிய வீடு என்று முடிவானது.

வீடு வேண்டுமானால் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் ஒரு கோடு: குடும்பத் தலைவர். அந்தக் கோட்டில் கணவனின் பெயர் போனது. வீடும் பல இடங்களில் அந்தப் பெயரில்தான் வந்தது. கடலுக்குப் போனது மனைவியின் வீடு, பதிலுக்கு வந்தது கணவனின் வீடு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் இதை அப்போதே சொன்னார்கள். இழந்தவர் பெயரில் கொடுங்கள், இல்லாவிட்டால் இருவர் பெயரிலும் கொடுங்கள் என்றார்கள்.

ஏன் இருவர் பெயரிலும் முடியவில்லை? அரச காணியைக் கொடுக்கும் முக்கியச் சட்டம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் ஒரு பெர்மிட் ஒரு ஆளுக்குத்தான் என்பது நடைமுறை. வாரிசைப் பெயர் குறிப்பிடாமல் இறந்தால், வாரிசு அட்டவணையில் மகள்களுக்கு முன் மகன்கள். அந்த ஆண் முன்னுரிமை 2022இல்தான் திருத்தப்பட்டது. கல்லோயாத் திட்டக் காணிகள் தொடக்கம் இந்த மாவட்டத்தின் எத்தனையோ வயல்கள் இந்தச் சட்டத்தின் கீழ்தான் கை மாறின.

திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2005இன் முதல் மாதங்களில் சியோலில் ஒரு நீதிமன்றம் 'வீட்டுத் தலைவர்' என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து வெட்டுகிறது. அதே மாதங்களில் எங்கள் கரையில், பாடசாலை முகாமில் தங்கியிருந்த ராத்தாமார், ஜீ.எஸ். கொடுத்த படிவத்தில் அதே சொல்லுக்கு எதிரே மாப்பிள்ளையின் பெயரை எழுதுகிறார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. வேறு யாரையாவது எழுதலாம் என்றே தோன்றவில்லை.

இன்னொரு விஷயம், இதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. இலங்கையில் குடும்பத் தலைவர் ஆண்தான் என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை. அது வெறும் அலுவலகப் பழக்கம். கொரியப் பெண்களுக்கு எதிரே ஒரு சட்டப் பிரிவு இருந்தது. அதற்கு எண் இருந்தது, அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. எங்களுக்கு எதிரே இருப்பது ஒரு கோடு மட்டும். கோட்டுக்கு எதிராக எப்படி வழக்குப் போடுவது?

வீடு அவளுக்கு, கையெழுத்து?

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "அப்ப எங்கட பொம்புளைகள் ராணிகள்தானே" என்று யாராவது சொன்னால், அதுவும் பிழை. வீடு பெண்ணுக்கு. ஆனால் குடியின் பெயரால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயராக உட்காருவது ஆண். பெண் வழியாக வரும் குடிக்கு ஆண் பிரதிநிதி.

கலியாணம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ். அதன்படி மாப்பிள்ளையும் வலியும் ஒப்பமிடுகிறார்கள், மணப்பெண்ணின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. தன் பெயரில் வீட்டு உறுதி வைத்திருக்கிற பெண், தன் காவினில் ஒப்பமிடத் தேவையில்லாதவள். காதி நீதிபதியாக ஆண் முஸ்லிமை மட்டும்தான் நியமிக்கலாம். நாட்டின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இல் 18 ஆனது. முஸ்லிம் சட்டத்திலோ 12 வயதுக்குக் கீழே என்றால் காதியின் அனுமதி வேண்டும் என்பதுதான் எல்லை. அதே சட்டம் கைக்கூலி என்ற எங்கள் சொல்லை அப்படியே எடுத்து வரைவிலக்கணம் கொடுக்கிறது. ஆனால் பணமும் அசையும் சொத்தும்தான் அதற்குள் வரும். எங்கள் கரையில் சீதனத்தின் உடம்பே வீடுதான், அது அதற்குள் இல்லை.

சீதன வீட்டின் சுமையையும் மறைக்கக் கூடாது. ராத்தாவுக்கு வீடு முடியும்வரை காக்கா கலியாணம் முடிக்காமல் கட்டாரில் நிற்கிறார். வாப்பா இல்லாத வீட்டில் உம்மாவோ மூத்த மகளோ பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போகிறார். சீதனம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது, மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண் என்று பேசுகிறவர்கள் இந்தச் சுமையைப் பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் சீதனத்தை நிறுத்தி வேறொன்றையும் மாற்றாவிட்டால் என்ன நடக்கும்? வாப்பாவின் வீடு கடைசியில் பங்குக் கணக்குக்குள் போகும், மகளுக்கு மகனின் பாதி. சுமையை இறக்கப் போய் வீட்டையும் சேர்த்து இறக்கிவிடுவோமா? இந்தக் கேள்வியைச் சீதன எதிர்ப்புக் கூட்டங்களில் நாங்கள் அதிகம் கேட்டதில்லை.

சரி, கொரியாவைப் போல நாங்களும் நீதிமன்றத்துக்குப் போகலாமே? போக முடியாது. 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, ஏற்கனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. நிறைவேறிவிட்ட ஒரு சட்டத்தை ரத்துச் செய்யும் அதிகாரமும் எங்கள் உயர் நீதிமன்றத்துக்கு இல்லை. கொரியப் பெண்கள் தட்டிய கதவு எங்கள் வீட்டில் வைக்கப்படவே இல்லை. பாராளுமன்றம் மட்டும்தான் வழி.

அந்த வழியில் நடந்ததும் தெரிந்ததுதான். முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் 1980களிலிருந்தே பேசி வருகின்றன. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது. ஒன்பது வருடம் கழித்து, 2018இல், குழு இரண்டாகப் பிரிந்த நிலையில் அறிக்கை வந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் குண்டுவெடிப்புகள். ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதுவில் கேட்ட வெடிச் சத்தம் இங்கே யாருக்கும் மறக்காது. அதன் பிறகு எங்கள் சட்டத்தைப் பற்றி எங்களைவிட அதிகமாக மற்றவர்கள் பேசினார்கள். 2021இல் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு ஞானசார தேரரைத் தலைவராகப் போட்டார்கள். திருத்தம் வேண்டும் என்று சொன்ன எங்கள் பெண்களைப் பார்த்து, "நீங்க ஆரிட பக்கம்?" என்று ஊர் கேட்கும் நிலை வந்தது.

கொரியாவோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். யி தே-யொங்கின் எதிரே நின்றவர்களும் கொரியர்கள், கேட்டவர்களும் கொரியர்கள். அவரைக் கொன்பியூசியர்கள் திட்டினார்கள், ஆனால் அவருடைய கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு அவருடைய சமூகத்தையே அடிக்க வெளியே ஒரு கூட்டம் நிற்கவில்லை. எங்கள் பெண்கள் இரண்டு பக்கமும் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. அதனால் கேள்வி பொய்யாகிவிடாது, பேசுவதுதான் கஷ்டமாகிறது. வெளியே இருப்பவன் பிழையான நோக்கத்தோடு கேட்கிறான் என்பதற்காக உள்ளே இருப்பவளுக்குப் பதில் சொல்லாமல் விடலாமா?

கடைசியாக ஒன்று

கொரியாவை முன்னேறிய நாடு என்றும் எங்களைப் பின்தங்கியவர்கள் என்றும் காட்ட இதை எழுதவில்லை. மகளுக்கு வீடு என்பதை 17ஆம் நூற்றாண்டோடு கைவிடத் தொடங்கியவர்கள் அவர்கள். நாங்கள் கைவிடவில்லை. ஆனால் எது மரபு, எது ஏடு என்று பிரித்துப் பார்க்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். தொன்றுதொட்டு வந்தது என்று சொல்லப்பட்ட ஒன்றின் திகதியைத் தேடினார்கள், அதை எழுதியவர் யார் என்று கேட்டார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். 1806உம் 1951உம் வானத்திலிருந்து இறங்கிய வருடங்கள் இல்லை.

இதை எழுதும்போது நாங்கள் ஒரு சின்ன வேலை செய்தோம். ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய், நாங்கள் இருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று உம்மாவிடம் கேட்டோம். பலருக்கு இதற்கு முன் அது தெரியாது. பழைய வளவில் இருப்பவர்களின் உறுதி உம்மாவின் பெயரில் இருந்தது. சுனாமி வீட்டில் இருப்பவர்களின் பத்திரம் வாப்பாவின் பெயரில். ஒரு கூட்டாளியின் உம்மா அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஏன் மகன் கேக்கிறா? அந்த நேரம் ஃபோம்ல வாப்பாட பேரத்தான் கேட்டாங்க" என்றாராம்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். அடுத்த தடவை ஜீ.எஸ். படிவம் கொண்டுவந்தால், அந்தக் கோட்டில் பெயர் எழுத முன் வீட்டுக்குள்ளே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.